முயற்குட்டி வீட்டிற்கு வரும்போது



கோடை விடுமுறை முடியுந் தறுவாயில் தாய் ஒருவரிடமிருந்து எமக்கு ஒரு கடிதம் வந்தது. "ஊரிலிருந்து வந்த என் தம்பி, மருமகனுக்கென்று முயற்குட்டி ஒன்றை வாங்கி வந்துவிட்டான். பையன் அதை மடியை விட்டு இறக்குவதே இல்லை. வேண்டாமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதற்கு என்ன கொடுப்பது, எங்கே வைப்பது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. காரட்டும் பிஸ்கட்டும் கொடுத்து வருகிறோம். இதைப் பற்றி நீங்கள் எழுதினால் உதவியாயிருக்கும்" என்று அவர் எழுதியிருந்தார்.

இக்கடிதத்தைப் படித்ததும் எம் இல்லத்தில் சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்று நினைவிற்கு வந்தது. அதை மறைக்காமற் கூறுவதே இக்கட்டுரைக்கு ஏற்ற தொடக்கமாகும் எனக் கருதுகிறோம்.

எம் மகளின் எட்டாம் பிறந்த நாளன்று வெள்ளை முயற்குட்டி ஒன்றை வாங்கி வந்தோம். "காரட் போடுங்கள், கொஞ்சம் கீரை போடுங்கள், அது பாட்டுக்கு வளரும்" என்று விற்றவர் சொன்னார். அவ்வாறே செய்தோம். மூன்று வாரம் வீடெங்கும் துள்ளித் திரிந்தது. ஒரு சனிக்கிழமை மாலை, வைத்த காரட்டை அது தொடவில்லை. "பசியில்லை போலும், நாளைக்குத் தின்னும்" என்று இருந்துவிட்டோம். ஞாயிறன்று முழுவதும் மூலையில் குன்றி அமர்ந்திருந்தது. திங்கட்கிழமை காலை கால்நடை மருத்துவமனை திறக்கும்போது போகலாமென்று எண்ணினோம். விடிந்தபோது அது விறைத்துக் கிடந்தது.

மகள் அழுதாள். அழுது ஓய்ந்தபின் ஒரு கேள்வி கேட்டாள்: "வலித்திருந்தால் அது ஏன் கத்தவில்லை, அப்பா?"

அன்று அக்கேள்விக்கு எம்மிடம் விடையில்லை. பின்னர் மருத்துவர்களிடம் கேட்டும், நூல்களைப் படித்தும், மீண்டும் ஒரு முயலை வளர்த்தும் விடையை அறிந்துகொண்டோம். முயல் வளர்க்கும் கலை முழுவதும் அக்கேள்விக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

வலியை மறைக்கும் பிராணி

நாம் வீட்டில் வளர்க்கும் முயலின் முன்னோர் ஐரோப்பாவின் தென்மேற்கில், ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளில் மண்ணில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்ந்தவை. நம் காடுகளிலும் கொல்லைகளிலும் ஓடும் காட்டு முயல் வேறு இனம். அது வளை தோண்டாது. புதர்களின் அடியில் தனித்து வாழும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்குக் காவலாயிருக்கிறது. ஆகையால், வயலில் அகப்பட்ட காட்டு முயற்குட்டியை வீட்டிற்குக் கொண்டுவந்து வளர்ப்பது சட்டப்படி குற்றம். அக்குட்டிக்கும் அது கேடே.

நரி, கழுகு, பாம்பு, கீரி என எத்தனையோ பகைகளுக்கு இரையாகிய இனம் முயல். அத்தகைய பிராணி நோயுற்றதைக் காட்டிக்கொண்டால், அதுவே முதலில் பிடிபடும். எனவே நாய் முனகுவது போலவோ, பூனை கத்துவது போலவோ முயல் தன் வலியை வெளியிடுவதில்லை. கடைசி மட்டும் ஒன்றும் நடவாதது போலவே உட்கார்ந்திருக்கும். "நேற்று மாலைவரை நன்றாகத்தானே இருந்தது" என்று முயல் வளர்ப்போர் பலர் கூறுவதன் காரணம் இதுவே. அது நன்றாக இருக்கவில்லை, நமக்குத்தான் தெரியவில்லை.

ஆகவே முயலிடம் அன்பு செலுத்துவதென்பது அதைத் தூக்கிக் கொஞ்சுவதன்று. நாள்தோறும் உற்று நோக்குவதேயாகும். இதை மனத்திற்கொண்டு மேலே படியுங்கள்.

வாங்குமுன் சிந்திக்க வேண்டியவை

நன்கு பேணப்படும் வீட்டு முயல் 8 முதல் 12 ஆண்டுகள் வரை உயிர் வாழும். மூன்றாம் வகுப்பில் பயிலும் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தால், அப்பிள்ளை கல்லூரிக்குச் செல்லும் காலத்திலும் அது வீட்டில் இருக்கக்கூடும். ஆதலின் முயலுக்குப் பொறுப்பாளர் பிள்ளையல்லர், பெற்றோரே. பிள்ளை உதவியாளர். இதை ஏற்க மனமில்லையெனில் வாங்காதிருத்தலே நன்று. பண்டிகைக்கோ பிறந்த நாளுக்கோ ஒருவருக்கும் முன்னறிவிப்பின்றி முயலைப் பரிசாக அளித்தல் தகாது.

குட்டி பிறந்து 8 வாரம் நிறைந்திருக்க வேண்டும். அதற்குமுன் தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குட்டி வயிற்றுப்போக்கினால் எளிதில் மடியும். உள்ளங்கையில் அடங்கும் அளவு சிறிய குட்டிகளே அழகென்று சந்தையில் விலை போகின்றன. அவ்வழகு ஏமாற்றும் அழகு. கண்கள் தெளிவாயும், மூக்கு ஈரக்கசிவின்றியும், காதின் உட்புறம் பொருக்கின்றியும், பின்புறம் உலர்ந்து தூய்மையாயும் இருக்கின்றனவா எனப் பாருங்கள். உதட்டை மெல்ல விலக்கி, மேற்பல் கீழ்ப்பல்லின் முன்னே சற்றே படிந்திருக்கிறதா என்பதையும் நோக்குங்கள்.

முயல் கூட்டமாக வாழும் பிராணி. தனிமை அதை வாட்டும். இரண்டு வளர்த்தல் நலம். ஆயின் ஆணும் பெண்ணுமாக வாங்கினால், சில மாதங்களில் வீடு முழுவதும் குட்டிகளாகிவிடும். பெண் முயலின் சினைக்காலம் ஏறத்தாழ 31 நாள்களே. குட்டி ஈன்ற அன்றே மீண்டும் சினை கொள்ளவும் அதற்கு இயலும். இரண்டு ஆண்களோ, வளர்ந்தபின் ஒன்றையொன்று குருதி வரக் கடித்துக்கொள்ளும். ஆகவே ஆணுக்குக் கருத்தடை அறுவை செய்வித்து, பெண்ணோடு சேர்த்து வைப்பதே சிறந்த ஏற்பாடு. அறுவைக்குப் பின்னரும் சில வாரங்கள் வரை ஆணுக்கு இனவிருத்தி ஆற்றல் இருக்குமாதலால், அதுவரை பிரித்து வைக்க வேண்டும். பெண் முயலுக்கு மூன்று நான்கு வயதிற்கு மேல் கருப்பைப் புற்றுநோய் மிகுதியாக வருகிறது. அதற்கும் அறுவையே காப்பு. முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகிய மருத்துவரிடமே இதைச் செய்விக்க வேண்டும்.

இருப்பிடம்

சந்தையில் விற்கும் சிறு கம்பிக்கூண்டு, முயலைச் சுமந்து வரத்தான் உதவும்; குடியிருக்க உதவாது. முயல் முழுநீளமாய்ப் படுக்கவும், பின்னங்காலில் நிமிர்ந்து நிற்கவும், மூன்று நான்கு முறையாவது தொடர்ந்து தாவவும் இடம் வேண்டும். 10 அடி நீளமும் 6 அடி அகலமுமுள்ள அடைப்பு இருப்பின் இரு முயல்களுக்குப் போதும். அவ்வளவு இடமில்லாதார், சற்றுப் பெரிய கூண்டொன்றை வைத்துக்கொண்டு, காலையும் மாலையும் சில மணி நேரம் ஓர் அறையில் அவிழ்த்து விடலாம். முயல் சுறுசுறுப்பாயிருப்பது விடியலிலும் அந்தியிலுமே. நண்பகலில் அது உறங்கட்டும்.

நாய்க்கும் பூனைக்கும் உள்ளது போன்ற மெத்தென்ற அடித்தோல் முயலின் பாதத்தில் இல்லை. மயிர் மட்டுமே உண்டு. கம்பித் தரையில் நாள்முழுதும் நின்றால் குதிகால் புண்ணாகிவிடும். எனவே தரையில் பலகையோ, கோரைப்பாயோ, வைக்கோலோ பரப்புங்கள். உள்ளே ஒளிந்துகொள்ள ஒரு மரப்பெட்டி இருக்கட்டும். இரு வாயில் உள்ளதாயின் இன்னும் நன்று. முயல் தானே ஒரு மூலையைத் தேர்ந்து அங்கேயே சிறுநீர் கழிக்கும். அம்மூலையில் செய்தித்தாளும் உலர்புல்லும் இட்ட தட்டை வைத்தால், பெரும்பாலும் அதற்குள்ளேயே கழிக்கப் பழகிவிடும். தட்டை நாள்தோறும் மாற்றுங்கள். அறையில் விடும்போது மின்கம்பிகளை எட்டாதபடி மறையுங்கள். முயலுக்கு அவை வேர்போலத் தோன்றும், கடித்துவிடும்.

நம் நாட்டில் முயலின் முதற்பகை வெயில். மைய அரசின் செம்மறியாடு, கம்பள ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டலக் கிளை கொடைக்கானல் மலைமேல் மன்னவனூரில் இயங்குகிறது. அங்கே ஆடுகளோடு முயல்களும் வளர்க்கப்படுகின்றன. மலைக்குளிரில் அவை செழிக்கின்றன. சமவெளியில் வாழும் நாமோ அக்குளிரை நிழலாலும் நீராலும் ஓரளவு ஈடு செய்ய வேண்டியிருக்கிறது. முயலுக்கு நம்மைப்போல் வியர்க்காது. காதுகளில் ஓடும் குருதி வழியாகவே அது உடல்வெப்பத்தை வெளியேற்றுகிறது. வெப்பம் 30 பாகைக்கு மேற்செல்லும்போதே அது துன்புறத் தொடங்கும். அக்கினி நட்சத்திரத்தில் 40 பாகையை எட்டும் ஊர்களில், மொட்டைமாடியிலோ தகரக் கூரையின் கீழோ கூண்டை வைப்பது முயலைக் கொல்வதற்கு ஒப்பாகும்.

வீட்டிற்குள்ளேயே காற்றோட்டமுள்ள, தரை குளிர்ந்த இடத்தில் வையுங்கள். சன்னலில் நனைத்த சாக்குத் திரை கட்டலாம். போத்தலில் நீர் நிறைத்து உறையவைத்து, துணியில் சுற்றி உள்ளே வைத்தால், முயல் அதன்மேல் சாய்ந்து படுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் ஈரமும் ஊதற்காற்றும் படாமலிருக்கட்டும். தீபாவளி வெடிச்சத்தத்தின்போது அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துங்கள். பேரச்சத்தினாலேயே முயல் இறந்துவிடுவதுண்டு.

உணவு: எல்லாம் புல்லே

முயலென்றால் காரட் என்பது படக்கதைகள் நமக்குக் கற்றுத்தந்த தவறு. காரட்டில் சர்க்கரை மிகுதி. வாரத்தில் ஓரிரு முறை விரலளவுத் துண்டு போதும். அது உணவன்று, தின்பண்டம். முயலின் உணவில் பத்தில் எட்டுப் பங்கிற்கு மேல் புல்லாகவே இருத்தல் வேண்டும். இதற்கு இரு காரணங்கள் உண்டு.

முதலாவது பல். முயலுக்கு 28 பற்கள். அவை யாவும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டேயிருப்பவை. முன்பற்கள் வாரத்திற்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை வளர்கின்றன. நாரும் முரடுமான புல்லை நெடுநேரம் அரைக்கும்போதே அவை தேயும். மென்மையான உணவைத் தின்னும் முயலுக்குப் பல் நீண்டு நாவையும் கன்னத்தையும் கிழிக்கும். பசியிருந்தும் உண்ண முடியாமல் அது மெலியும்.

இரண்டாவது குடல். முயலின் குடலில் பெரிய பை போன்ற ஒரு பகுதி உண்டு. அங்கே வாழும் நுண்ணுயிர்களே நாரைச் செரிக்கின்றன. நார் இடையறாது சென்றுகொண்டிருந்தால்தான் குடல் அசையும். மாவும் சர்க்கரையும் சென்றால் தீய நுண்ணுயிர் பெருகி, காற்றுச் சேர்ந்து, குடல் அசைவற்று நின்றுவிடும். முயலுக்கு வாந்தியெடுக்க இயலாது. உள்ளே சென்றது வெளியே வரும் வழி ஒன்றே. அது அடைபட்டால் உயிருக்கு ஆபத்து. எம் மகளின் முயல் இறந்தது இவ்வாறே என மருத்துவர் பின்னர் விளக்கினார்.

அருகம்புல்லும் கொழுக்கட்டைப் புல்லும் சிறந்தவை. மாடு வளர்ப்போர் பயிரிடும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லும் ஆகும். பசும்புல்லை நிழலில் பரப்பி, பூஞ்சணம் பிடிக்காமல் உலர்த்தி வைத்துக்கொண்டால் ஆண்டு முழுவதும் உதவும். வெறும் வைக்கோலில் சத்துக் குறைவு. அது படுக்கைக்கே உரியது. பூச்சிமருந்து தெளித்த வயலோரப் புல்லையும், நாய்கள் நடமாடும் தெருவோரப் புல்லையும் தவிருங்கள். குவித்து வைத்துச் சூடேறிய புல்லைக் கொடுக்கலாகாது. குதிரைமசாலில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. அது வளரும் குட்டிக்கு ஏற்றது; வளர்ந்த முயலுக்கு எப்போதாவது கொடுத்தால் போதும்.

புல்லோடு நாள்தோறும் ஒரு பிடி பச்சிலை கொடுக்கலாம். கொத்தமல்லி, புதினா, முள்ளங்கியின் இலை ஆகியவற்றை மாற்றி மாற்றித் தருக. புதிய இலை எதையும் முதலில் சிறிதளவே கொடுத்து, மறுநாள் புழுக்கை கெட்டியாயிருந்தால் மிகுதியாக்குங்கள். கடையில் விற்கும் குருணைத் தீவனம் வளர்ந்த முயலுக்கு, உடலின் எடையில் ஒரு கிலோவிற்கு 25 கிராம் அளவே போதும். அதற்கு மேற்படின் புல்லைத் தின்னாது.

சோறு, இட்லி, ரொட்டி, பிஸ்கட், முறுக்கு, சாக்லேட்டு, பருப்பு, உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு ஆகியன ஒருபோதும் கூடா. வீட்டு முற்றத்தில் வளரும் அரளி, எருக்கு, ஆமணக்கு, உன்னி ஆகிய செடிகள் முயலுக்கு நஞ்சு. விருந்தினர் பிள்ளைகள் அன்பு மிகுதியால் எதையேனும் ஊட்டாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

நீர் எந்நேரமும் இருக்க வேண்டும். ஒரு கிலோ எடையுள்ள முயல் ஏறத்தாழ 100 மில்லிலிட்டர் நீர் அருந்தும். கோடையில் இன்னும் மிகுதியாகும். கவிழாத கனமான மண்சட்டி இதற்கு ஏற்றது. அதில் நீரும் குளிர்ந்திருக்கும்.

இன்னொன்றும் கூற வேண்டும. இரவிலோ விடியலிலோ முயல் தன் பின்புறத்தில் வாயை வைத்து எதையோ உண்பதைக் கண்டு சிலர் அருவருப்படைந்து தடுத்துவிடுகின்றனர். அது வழக்கமான உருண்டைப் புழுக்கையன்று. திராட்சைக் கொத்துப் போன்று மென்மையாயிருக்கும் வேறு வகை. குடலின் நுண்ணுயிர்கள் ஆக்கிய புரதமும் பி வகை உயிர்ச்சத்துகளும் அதில் நிறைந்துள்ளன. மாடு அசைபோடுவதற்கு ஒப்பானதே இது. அது தன் வேலையைப் பார்க்கட்டும்.

தூக்குதலும் தூய்மையும்

முயலைக் காதைப் பிடித்துத் தூக்கும் பழக்கம் இன்னும் நம்மிடையே உள்ளது. அது கொடுமை. முயலின் எலும்புகள் மிக மெல்லியவை. எலும்புக்கூட்டின் எடை உடலின் எடையில் நூற்றுக்கு எட்டுப் பங்கே. பின்னங்கால் தசைகளோ மிக வலியவை. பிடி சரியாக அமையாமல் அது உதைத்துத் துள்ளினால் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். ஒரு கையை மார்பின் கீழும், மறு கையைப் பின்புறத்தின் கீழும் கொடுத்து, நம் உடலோடு அணைத்தே தூக்க வேண்டும். சிறு பிள்ளைகள் தரையில் அமர்ந்து, முயல் தானே மடிக்கு வரும்வரை காத்திருக்கப் பழகட்டும். காத்திருத்தலும் ஒரு பாடமே.

முயலைக் குளிப்பாட்டாதீர்கள். அது பூனையைப்போல் தன்னைத் தானே நக்கித் தூய்மை செய்துகொள்ளும். நீரில் அமிழ்த்தினால் அச்சத்தாலும் குளிராலும் இறக்கக்கூடும். அழுக்குப்பட்ட இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள். மயிர் உதிரும் காலத்தில் நாள்தோறும் மென்மையாக வாருங்கள். நகத்தை மாதம் ஒருமுறை நுனி மட்டும் வெட்ட வேண்டும். உள்ளே குருதிக்குழாய் செல்வதால், முதன்முறை மருத்துவரிடம் பார்த்துக் கற்றுக்கொள்க.

நாளுக்கு ஐந்து நிமிடம்

இனி இக்கட்டுரையின் உயிரான பகுதிக்கு வருகிறோம். நாள்தோறும் ஒரே நேரத்தில், காலையிலும் மாலையிலும், பின்வரும் ஐந்தையும் பாருங்கள். பிள்ளைகளிடமே இதை ஒப்படைக்கலாம். ஒரு பழைய நோட்டில் குறித்துவரச் சொல்லுங்கள்.

முதலாவது, உண்டதா? வைத்த புல் குறைந்திருக்கிறதா?

இரண்டாவது, புழுக்கை போட்டதா? நலமான முயலின் புழுக்கை கொண்டைக்கடலை அளவில், உருண்டையாய், உலர்ந்து, ஏராளமாயிருக்கும். சிறுத்தாலோ, குறைந்தாலோ, நின்றாலோ அதுவே முதல் எச்சரிக்கை. சிறுநீர் சில நாள் செம்மஞ்சளாய்த் தோன்றினால் அஞ்ச வேண்டாம்; தின்ற இலையின் நிறமாயிருக்கலாம். செந்நிறம் நீடித்தாலோ, முக்கிச் சிரமப்பட்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூன்றாவது, பின்புறம் உலர்ந்திருக்கிறதா? ஈரமும் மலமும் ஒட்டியிருந்தால் ஈ முட்டையிடும். ஒரு நாளுக்குள் புழு வைத்து உயிருள்ள தசையையே தின்னத் தொடங்கும்.

நான்காவது, காதும் மூக்கும் பாதமும் தூய்மையா? காதினுள் பழுப்புப் பொருக்கோ, மூக்கின் நுனியிலும் பாதத்திலும் வெண்பொருக்கோ தோன்றினால் அது சொறிப்பூச்சி. நம் ஊர்களில் மிகப் பரவலாகக் காணப்படும் இந்நோயில், சிலவகை நமக்கும் தொற்றி அரிப்பை உண்டாக்கும். முயலைத் தொட்டபின் கைகழுவும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கட்டாயமாக்குங்கள்.

ஐந்தாவது, எப்படி அமர்ந்திருக்கிறது? மகிழ்ந்த முயல் வானில் துள்ளி உடலை முறுக்கிக் குதிக்கும்; தடவும்போது பல்லை மெல்ல நறநறக்கும். அஞ்சிய முயல் பின்னங்காலால் தரையை ஓங்கித் தட்டும். வலியுற்ற முயல் மூலையில் குன்றி, கண்ணைப் பாதி மூடி, பல்லை உரக்கக் கடிக்கும். கத்தவில்லையே என்று கேட்டாளல்லவா எம் மகள்? இதுவே அதன் கத்தல்.

மருத்துவரிடம் உடனே

10, 12 மணி நேரம் முயல் எதுவும் உண்ணாமலும் புழுக்கை போடாமலும் இருந்தால், "நாளை பார்க்கலாம்" என்ற சொல்லுக்கே இடமில்லை. அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய இடங்களில் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. மற்ற ஊரார் முயலுக்கு மருத்துவம் பார்க்கும் மருத்துவர் யார், இரவில் எங்கே கிடைப்பார் என்பதை முயல் வாங்கிய வாரத்திலேயே விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வெயிலில் முயல் நீட்டிப் படுத்து, வாயைத் திறந்து மூச்சுவாங்கி, எச்சில் வடித்தால் அது வெப்பத் தாக்கு. உடனே நிழலுக்குக் கொணர்ந்து, காதுகளைக் குளிர்ந்த நீரால் நனைத்து விசிறுங்கள். பனிக்கட்டி நீரில் அமிழ்த்த வேண்டாம். பின் தாமதமின்றி மருத்துவரிடம் செல்லுங்கள்.

கைமருந்து கொடுக்காதீர்கள். நாய்க்கு உண்ணி போக்கும் பிப்ரோனில் மருந்து முயலைக் கொன்றுவிடும். பிள்ளைகளுக்குச் சளிக்கு வாங்கிய அமாக்சிசிலின், ஆம்பிசிலின் போன்றவற்றை வாய்வழி கொடுத்தால் குடலின் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து முயல் மடியும்.

வளர்க்க இயலாத நிலை வந்தால், முயலைத் தோப்பிலோ காட்டிலோ விட்டுவிடலாமென எண்ணாதீர்கள். தலைமுறை தலைமுறையாக மனிதர் கையில் வளர்ந்த அது ஓர் இரவுகூடத் தாங்காது. பொறுப்புள்ள மற்றோர் இல்லத்தைத் தேடி ஒப்படைப்பதே முறை.

முடிவாக

முதல் முயல் இறந்து ஓராண்டிற்குப் பின், மகள் கேட்டுக்கொண்டதன் பேரில், இன்னொன்று எம் இல்லத்திற்கு வந்தது. ஓரிரவு, பாடம் படித்துக்கொண்டிருந்தவள் நோட்டோடு எம்மிடம் வந்தாள். "அப்பா, மத்தியானத்திலிருந்து புழுக்கை ஒன்றுகூட இல்லை. கொத்தமல்லியை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது" என்றாள். மணி ஒன்பதரை. முயல் ஒன்றும் நடவாதது போலத்தான் உட்கார்ந்திருந்தது. முன்னைய சனிக்கிழமை நினைவிற்கு வர, கூடையில் வைத்துக்கொண்டு மருத்துவரின் வீட்டுக் கதவைத் தட்டினோம். அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், ஊசி போட்டார், தோலுக்கடியில் நீர் ஏற்றினார். "விடியட்டும் என்று இருந்திருந்தால் எனக்கு வேலை இருந்திராது" என்றார். மறுநாள் காலை செய்தித்தாளின்மேல் ஆறு சிறு புழுக்கைகள் கிடந்தன. அவற்றைக் கண்டு ஒரு குடும்பமே மகிழ்ந்தது என்றால் நீங்கள் நகைக்கலாம். ஆயினும் அது உண்மை.

எமக்கு எழுதிய தாய்க்கு இதனையே கூறுகிறோம். அம்மா, பிஸ்கட்டை இன்றே நிறுத்துங்கள். புல்லை எந்நேரமும் கிடைக்கும்படி வைத்து, காரட்டை ஒரு வாரத்திற்குள் படிப்படியாகக் குறையுங்கள். கூண்டை நிழலுக்கு மாற்றுங்கள். பின்னர் மகனின் கையில் ஒரு நோட்டையும் பென்சிலையும் கொடுங்கள். பேசாத ஓர் உயிருக்கு என்ன வேண்டுமென்று நாள்தோறும் பார்த்தறியப் பழகும் பிள்ளை, நாளை வீட்டில் வாய் திறந்து கேளாத பாட்டிக்கும், சொல்லத் தெரியாத தங்கைக்கும் என்ன வேண்டுமென்பதையும் பார்த்தறிவான்.